பெரிய பட்டனும் சின்ன பட்டனும்: எழுத்தின் அளவைப் பார்க்காத வட்டுகளில் கோப்புப் பெயர்களைக் கையாள ஒரு முழுமையான வழிகாட்டி

நிரலில் ஒரு கோப்பைச் சிறிய எழுத்தில் அழைத்திருக்கிறீர்கள். வட்டில் அதன் பெயர் கேப்பிட்டல் எழுத்தில் தொடங்குகிறது. உங்கள் மேக்கில் ஓடுகிறது, குழுவில் இன்னொருவரின் விண்டோஸிலும் ஓடுகிறது. லினக்ஸ் சர்வருக்குப் போனதும் ‘அப்படி ஒரு கோப்பே இல்லை’ என்று பில்ட் (நிரலைத் தொகுக்கும் வேலை) நின்றுவிடுகிறது. பலரும் இந்தச் சிக்கலை முதலில் சந்திப்பது இப்படித்தான். இது வெளிப்படையாகத் தெரியும் வகை என்பதால் பரவாயில்லை. சத்தமில்லாமல் தரவை அழிக்கும் வகையும் உண்டு. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவே கிடையாது. அதனால் ஓர் ஏற்பாடு செய்துகொள்வோம். ‘பட்டன்’ என்று ஆங்கில எழுத்தில் பெயர் வைத்த ஒரு கோப்பு இருக்கிறது. முதல் எழுத்து கேப்பிட்டலாக இருந்தால் அதைப் ‘பெரிய பட்டன்’ என்பேன். எல்லாமே சிறிய எழுத்தாக இருந்தால் ‘சின்ன பட்டன்’. ‘எழுத்தின் அளவு’ என்று நான் சொல்வதும் இந்த வேறுபாட்டைத்தான்.

கட்டுரை முழுக்க ஒரே விஷயத்தைத்தான் பல பக்கங்களிலிருந்து சொல்லப் போகிறேன்: இரண்டு பெயர்கள் ஒரே கோப்பைக் குறிக்கின்றனவா என்பதை உங்கள் நிரல் எழுத்துகளை ஒப்பிட்டு முடிவு செய்யக் கூடாது. அந்தக் கோப்பை வைத்திருக்கும் ஃபைல் சிஸ்டத்திடம் (வட்டில் கோப்புகளைச் சேமித்துத் தேடித் தரும் ஏற்பாடு) கேட்க வேண்டும்.

படி 1: எந்த வட்டு எப்படி நடந்துகொள்ளும்

ஃபைல் சிஸ்டம் ஒரு பெயரை வைத்து இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, நீங்கள் கொடுத்த பெயரைச் சேமித்து வைப்பது. இன்னொன்று, பிறகு யாராவது பெயர் சொல்லிக் கேட்டால் தேடித் தருவது. இந்த இரண்டையும் தனித்தனியாகப் பார்த்தால் குழப்பம் பாதி தீரும்.

லினக்ஸில் வழக்கமாக இருக்கும் எக்ஸ்ட்4, கொடுத்ததை அப்படியே சேமிக்கும், தேடும்போதும் ஒவ்வொரு பைட்டும் பொருந்த வேண்டும். அங்கே பெரிய பட்டனும் சின்ன பட்டனும் இரண்டு கோப்புகள். விண்டோஸில் என்டிஎஃப்எஸ், மேக்கில் ஏபிஎஃப்எஸ், அதற்கு முன் 1998இல் வந்த எச்எஃப்எஸ் பிளஸ் எல்லாம் நடுவழி: நீங்கள் எழுதியபடியே பெயரைச் சேமிக்கும், ஆனால் தேடும்போது எழுத்தின் அளவைப் பார்க்காது. பழைய ஃபாட், அதன் எட்டு எழுத்தும் மூன்று எழுத்து விரிவும் கொண்ட பெயர்களை, எல்லாவற்றையும் கேப்பிட்டலாக்கியே சேமித்தது. எழுதியபடியே நீளப் பெயர்களை வைத்துக்கொள்ளும் வசதி விண்டோஸ் 95 உடன் பரவலானது.

இவை வெறும் இயல்புநிலைகள்தான். ‘மேக் என்றால் இப்படி, லினக்ஸ் என்றால் அப்படி’ என்று நிரலில் எழுதுவது தவறு. மேக்கில் எழுத்தின் அளவைப் பார்க்கும் ஏபிஎஃப்எஸ் பகுதியை யார் வேண்டுமானாலும் உருவாக்கலாம். ஐஃபோனில் இயல்புநிலையே அதுதான். விண்டோஸ் 10இன் 1803 பதிப்பிலிருந்து, அதாவது 2018 முதல், ஒரு தனி ஃபோல்டரை மட்டும் எழுத்தின் அளவைப் பார்க்கும்படி மாற்றலாம். 2019இல் வந்த லினக்ஸ் கெர்னல் 5.2இல் இதற்கு நேர் எதிர் வசதி வந்தது: எக்ஸ்ட்4இல் ஒரு ஃபோல்டர் மட்டும் எழுத்தின் அளவைப் பார்க்காமல் இருக்கலாம். லினக்ஸ் கணினியில் செருகிய பென் டிரைவ் எக்ஸ்ஃபாட்டாக இருக்கலாம். ஆக, கேள்வி இயங்குதளத்தைப் பற்றியது அல்ல, வட்டைப் பற்றியதும் அல்ல. இந்த ஃபோல்டர் எப்படி என்பதே கேள்வி.

படி 2: சோதித்துப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்

நிரலின் மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் கருவியான கிட், இதற்குச் செய்வது மிக எளிய வேலை. புதிய ரெப்போ (கிட் கண்காணிக்கும் திட்ட ஃபோல்டர்) உருவாகும்போது அதன் உள் ஃபோல்டரில் ‘கான்ஃபிக்’ என்ற கோப்பு எப்படியும் இருக்கும். அதே பெயரைப் பெரிதும் சிறிதுமாக எழுத்துகளை மாற்றிப் போட்டுக் கேட்கிறது. ‘இருக்கிறது’ என்று பதில் வந்தால், இந்த வட்டு எழுத்தின் அளவைப் பார்க்காது என்று முடிவு செய்து, கோர் இக்னோர்கேஸ் என்ற அமைப்பை ஆன் செய்துவிடுகிறது.

உங்கள் நிரலிலும் இதையே செய்யலாம். வேலை நடக்கப் போகும் அதே ஃபோல்டரில், தற்செயல் எழுத்துகள் கொண்ட பெயரில் ஒரு தற்காலிகக் கோப்பை உருவாக்குங்கள். அந்தப் பெயரில் ஆங்கில எழுத்து இருக்க வேண்டும், எண்கள் மட்டும் போதாது. பிறகு எழுத்துகளின் அளவை மாற்றி அதைத் தேடுங்கள். கிடைத்தால், கிடைத்தது நீங்கள் உருவாக்கிய அதே கோப்புதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள் (எப்படி என்பது படி 4இல்). பிறகு அதை நீக்கிவிடுங்கள்.

சிலர் இந்தச் சோதனையைக் கணினியின் தற்காலிக ஃபோல்டரில் செய்துவிட்டு, விடையை எல்லா இடத்துக்கும் பயன்படுத்துகிறார்கள். தற்காலிக ஃபோல்டர் ஒரு வட்டிலும் திட்டம் இன்னொரு வட்டிலும் இருந்தால் விடை தவறு. விடையைச் சேமித்து வைத்து அடுத்த முறை பயன்படுத்துவதும் அப்படித்தான். ரெப்போவை அப்படியே வேறு வட்டுக்கு நகலெடுத்தால் கிட்டின் அந்த அமைப்பே பழையதாகிவிடும்.

எழுத அனுமதி இல்லாத ஃபோல்டரில் இந்த வழி வேலை செய்யாது. அங்கே ஏற்கெனவே இருக்கும் ஏதாவது ஒரு கோப்பை எழுத்து மாற்றிக் கேட்கலாம். மேக்கில் பாத்கான்ஃப் என்ற அழைப்பின் வழியாக இயங்குதளத்திடமே கேட்க முடியும்.

படி 3: சிறிய எழுத்தாக மாற்றி ஒப்பிடுவதை விட்டுவிடுங்கள்

‘இரண்டு பெயரையும் சிறிய எழுத்தாக்கி ஒப்பிட்டால் போச்சு’ என்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும் தீர்வு. ஆங்கிலத்தின் 26 எழுத்துக்குள் இருக்கும்வரை அது ஓடும். அதற்கு வெளியே போனதும் உடையும்.

துருக்கி மொழியில் ஐ என்ற எழுத்து இரண்டு உண்டு: புள்ளி வைத்தது ஒன்று, புள்ளி இல்லாதது ஒன்று. புள்ளி வைத்த சிறிய எழுத்துக்குப் புள்ளி வைத்த கேப்பிட்டல், புள்ளி இல்லாததற்குப் புள்ளி இல்லாத கேப்பிட்டல். துருக்கி மொழி அமைப்பில் இருக்கும் கணினியில், ‘ஃபைல்’ என்று ஆங்கிலக் கேப்பிட்டலில் எழுதிய சொல்லைச் சாதாரண முறையில் சிறிய எழுத்தாக்கினால், நடுவில் புள்ளியில்லாத ஐ வந்து நிற்கும். அந்தப் பெயரில் வட்டில் எதுவும் இருக்காது. ஜாவாவில் லொகேல் ரூட் என்று குறிப்பிடுவதும், டாட்நெட்டில் ஆர்டினல் இக்னோர்கேஸ் பயன்படுத்துவதும் பயனரின் மொழி அமைப்பு ஒப்பீட்டில் தலையிடாமல் தடுக்கத்தான்.

என்டிஎஃப்எஸ் பயனரின் மொழியைப் பார்ப்பதே இல்லை. வட்டை ஃபார்மேட் செய்யும்போதே, எந்தச் சிறிய எழுத்துக்கு எது பெரிய எழுத்து என்ற 128 கிலோபைட் அட்டவணை ஒன்றை அந்த வட்டிலேயே எழுதி வைத்துவிடுகிறது. 65,536 குறிகளுக்கு ஒவ்வொன்றுக்கும் இரண்டு பைட். ஒரு குறிக்கு ஒரு குறிதான் என்பதால், ஜெர்மன் மொழியில் இரட்டை எஸ் ஒலிக்கு இருக்கும் தனி எழுத்தும், இரண்டு எஸ் சேர்த்து எழுதியதும் அங்கே வேறு வேறு பெயர்கள். எக்ஸ்ட்4இன் எழுத்தளவு பார்க்காத ஃபோல்டரில் யூனிகோடின் முழு விதி நடக்கிறது. அங்கே இரண்டும் ஒன்று. உங்கள் நிரல்மொழியின் நூலகத்தில் இருக்கும் ஒரே ஒரு செயல்பாட்டால் இந்த இரண்டையும் சரியாகப் பின்பற்ற முடியாது.

பைத்தானில் இன்னொரு பொறி இருக்கிறது. நார்ம்கேஸ் என்ற செயல்பாட்டின் பெயரைப் பார்த்தால் எல்லாவற்றையும் சமன்செய்துவிடும் போலத் தோன்றும். விண்டோஸில் மட்டும்தான் அது சிறிய எழுத்தாக்குகிறது. மேக்கில் கொடுத்ததை அப்படியே திருப்பித் தரும்.

தமிழ் எழுத்துக்கு அளவு இல்லையே, நாம் தப்பித்தோமா என்று கேட்டால், இல்லை. ‘கோ’ என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ககரத்தோடு ஓகாரக் குறி என்ற ஒற்றைக் குறியைச் சேர்க்கலாம். அல்லது ககரத்தோடு ஏகாரக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறிகளாகச் சேர்க்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். யூடிஎஃப்-8இல் முதலாவது 6 பைட், இரண்டாவது 9 பைட். ‘கொ’, ‘கௌ’ இரண்டுக்கும் இதே நிலைமை. யூனிகோட் விதிப்படி இவை ஒன்றுக்கொன்று சமம். எக்ஸ்ட்4இன் சாதாரண ஃபோல்டருக்கும் என்டிஎஃப்எஸ்ஸுக்கும் அவை வேறு வேறு பெயர்கள். எச்எஃப்எஸ் பிளஸ் பெயரைப் பிரித்த வடிவத்தில் மாற்றியே சேமிக்கும். நீங்கள் ‘கோப்பு’ என்று ஒற்றைக் குறியில் எழுதிக் கொடுத்தாலும், ஃபோல்டரைப் பட்டியலிடும்போது கொம்பும் காலும் பிரிந்து வரும். ஏபிஎஃப்எஸ் கொடுத்தபடியே சேமிக்கும், தேடும்போது இரண்டையும் ஒன்றாகக் கருதும். மேக்கில் கிட்டுக்குப் பெயர்களைச் சேர்த்த வடிவத்துக்குக் கொண்டுவரும் தனி அமைப்பு ஒன்று இருப்பது இதனால்தான். (‘கௌ’வின் கடைசிக் குறிக்குப் பதிலாக ளகரத்தையே தட்டிவிடுவது வேறு கதை. அது பார்வைக்கு மட்டும்தான் ஒன்று. எந்த ஃபைல் சிஸ்டமும் அதைச் சமமாக எடுத்துக்கொள்ளாது.)

படி 4: ‘ஒரே கோப்புதானா’ என்று கேட்கும் முறை

யுனிக்ஸ் வகை இயங்குதளங்களில் ஒவ்வொரு கோப்புக்கும் அது இருக்கும் சாதனத்தின் எண்ணும், அதற்குள் அந்தக் கோப்பை அடையாளம் காட்டும் ஐநோட் எண்ணும் உண்டு. இரண்டு பெயர்களுக்கும் ஸ்டாட் என்ற அழைப்பைச் செய்து இந்த இரு எண்களையும் ஒப்பிடுங்கள். இரண்டும் பொருந்தினால் ஒரே கோப்பு. விண்டோஸில் வால்யூம் எண்ணும் கோப்பு அடையாள எண்ணும் அதே வேலையைச் செய்யும். பைத்தானில் சேம்ஃபைல் என்ற செயல்பாடு இதைத்தான் செய்கிறது.

ஒரு விதிவிலக்கு உண்டு: ஹார்ட் லிங்க். இரண்டு தனிப் பெயர்கள் உண்மையாகவே ஒரே ஐநோட்டைக் காட்டலாம். அதனால், ஐநோட் ஒன்றாக இருந்து, ஃபோல்டரைப் பட்டியலிடும்போது இரண்டு பெயர்களில் ஒன்று மட்டுமே வந்தால்தான் அது ஒரே பெயரின் இரு எழுத்து வடிவங்கள். இரண்டுமே பட்டியலில் வந்தால் அவை ஹார்ட் லிங்க்.

இந்தப் படி இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை நானே பட்டுத் தெரிந்துகொண்டேன். கோப்புகளுக்கு மொத்தமாகப் பெயர் மாற்ற ஒரு சின்னக் கருவி எழுதியிருந்தேன். அதன் வேலை மூன்று வரி: புதிய பெயரில் ஏற்கெனவே கோப்பு இருக்கிறதா என்று பார், இருந்தால் அதை நீக்கு, பழையதைப் புதிய பெயருக்கு மாற்று. லினக்ஸில் மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடியது. ஒரு நாள் மேக்கில், பெரிய எழுத்துகளை எல்லாம் சிறிய எழுத்தாக்க அதை ஓட்டினேன். சின்ன பட்டன் இருக்கிறதா என்று கேட்டது. ‘இருக்கிறது’ என்று வட்டு சொன்னது, ஏனென்றால் பெரிய பட்டன்தான் அது. நீக்கியது. பிறகு பழைய கோப்பைத் தேடியது, அது இல்லை. ஒரு ஃபோல்டர் நிறைய புகைப்படங்கள் போயின. மூன்று வரியும் தனித்தனியாகப் பார்த்தால் சரிதான். இரண்டு பெயர் என்றால் இரண்டு கோப்பு என்று நான் நம்பியதுதான் தவறு.

சரி, பெயர் மாற்றும் வேலையை எப்படி எழுதலாம்? புதிய பெயரில் ஏதாவது இருந்தால், அது பழைய கோப்பேதானா என்று முதலில் கேளுங்கள். ஆம் என்றால் எதையும் நீக்க வேண்டாம். ஏபிஎஃப்எஸ்ஸிலும் என்டிஎஃப்எஸ்ஸிலும் நேரடியாகப் பெயர் மாற்றும் அழைப்பே எழுத்தின் அளவை மாற்றிவிடும். நெட்வொர்க் வட்டுகளை நான் அவ்வளவு நம்ப மாட்டேன். அங்கே அதே ஃபோல்டரில் இருக்கும் ஒரு தற்காலிகப் பெயருக்கு முதலில் மாற்றி, அங்கிருந்து புதிய பெயருக்கு மாற்றுங்கள். நடுவில் மின்சாரம் போனாலும் கண்டுபிடிக்கும்படி, தற்காலிகப் பெயரில் பழைய பெயரும் இருக்கட்டும். வேலை முடிந்ததும் ஃபோல்டரைப் பட்டியலிட்டு, பெயர் உண்மையில் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். ‘இருக்கிறதா’ என்று கேட்டால் பழைய பெயரோடும் ‘ஆம்’ என்றுதான் வரும்.

படி 5: புதிய கோப்பு உருவாக்கும்போதும், பொட்டலம் பிரிக்கும்போதும்

‘இல்லை என்றால் உருவாக்கு’ என்பதை இரண்டு படியாக எழுதாதீர்கள். ‘ஏற்கெனவே இருந்தால் தோல்வியடை’ என்ற கொடியோடு ஒரே அழைப்பில் திறங்கள். யுனிக்ஸில் ஓ எக்ஸ்க்ளூசிவ், விண்டோஸில் கிரியேட் நியூ. பெயர் மோதுகிறதா என்பதை அந்த நொடியில் ஃபைல் சிஸ்டமே தன் விதிப்படி முடிவு செய்யும்.

ஜிப், டார் பொட்டலங்களைப் பிரிக்கும் நிரல்களுக்கு இது இன்னும் முக்கியம். லினக்ஸில் கட்டிய பொட்டலத்துக்குள் பெரிய பட்டன், சின்ன பட்டன் இரண்டும் இருந்தால், மேக்கில் பிரிக்கும்போது பின்னால் வருவது முன்னால் வந்ததன் மேல் எழுதப்படும். காலியான ஃபோல்டரில் அந்தக் கொடியோடு பிரித்தால் மோதல் பிழையாக வெளியே வரும். அதை அமுக்கிவிடாமல், எந்த இரண்டு பெயர்கள் மோதின என்று பயனருக்குச் சொல்லுங்கள். கிட் 2.20இலிருந்து குளோன் செய்யும்போது (ஒரு ரெப்போவை நகலெடுக்கும்போது) இப்படித்தான் எச்சரிக்கிறது. லினக்ஸ் கெர்னலின் மூலநிரலிலேயே நெட்ஃபில்டர் பகுதியில் எழுத்தின் அளவில் மட்டும் வேறுபடும் கோப்புகள் உண்டு. அதை மேக்கில் குளோன் செய்தால், எதையும் தொடாமலேயே சில கோப்புகள் மாறிவிட்டதாகக் கிட் காட்டும்.

இது பாதுகாப்புப் பிரச்சினையும்கூட. கிட் தன் அமைப்புகளை வைத்திருக்கும் புள்ளி-கிட் என்ற ஃபோல்டருக்குள் எந்த ரெப்போவும் கோப்பு எழுத அனுமதி இல்லை. 2014 டிசம்பரில் வெளியான ஓட்டை இதுதான்: அந்தத் தடை சிறிய எழுத்துப் பெயரை மட்டும் பார்த்தது. கேப்பிட்டல் கலந்து எழுதிய பெயர் தடையைத் தாண்டியது, வட்டு அதை உண்மையான ஃபோல்டருக்கே கொண்டுபோனது. அமைப்புக் கோப்பை மாற்றி எழுத முடிந்தால், பயனரின் கணினியில் விரும்பிய கட்டளையை ஓட்டலாம். எச்எஃப்எஸ் பிளஸ் சில கண்ணுக்குத் தெரியாத யூனிகோட் குறிகளைப் பொருட்படுத்தாது என்பதும், விண்டோஸ் தானாக வைக்கும் குறும்பெயரும் இதே தாக்குதலுக்கு இன்னும் இரண்டு வழிகளாக இருந்தன. 2021 மார்ச்சில் வேறொன்று வந்தது: ஒரு ஃபோல்டரும் ஒரு சிம்லிங்க்கும் (வேறொரு பாதையைச் சுட்டும் கோப்பு) எழுத்தளவில் மட்டும் வேறுபட்ட பெயர்களோடு இருந்தால், குளோன் செய்யும்போதே ரெப்போவில் இருந்த நிரலை ஓட வைக்க முடிந்தது.

உங்கள் நிரலில் ‘இந்தப் பெயர் கூடாது’ என்ற தடைப்பட்டியல் இருந்தால், இந்த இரண்டு சம்பவங்களையும் மனதில் வைத்து அதைத் திரும்பப் படியுங்கள். பொட்டலத்துக்குள் இருக்கும் சிம்லிங்க்குகளை, கோப்புகள் எல்லாம் எழுதி முடிந்த பிறகு கடைசியில் உருவாக்குவது நல்ல பழக்கம்.

படி 6: பாதையைச் சாவியாக வைத்த கேஷ்

பல நிரல்கள் கோப்பின் பாதையைச் சாவியாக வைத்துக் கேஷ் (ஒருமுறை படித்ததை மறுபடி பயன்படுத்தச் சேமிக்கும் இடம்) வைத்திருக்கும். ஓரிடத்தில் பெரிய பட்டன், இன்னோரிடத்தில் சின்ன பட்டன் என்று எழுதினால் ஒரே கோப்புக்கு இரண்டு பதிவுகள். நோட் ஜேஎஸ்ஸில் இதன் விளைவு விசித்திரமாக இருக்கும்: ஒரே மாட்யூல் இரண்டு முறை ஏற்றப்படும், அதற்குள் இருக்கும் மாறிகளும் இரண்டு பிரதி. ஒன்றில் வைத்த மதிப்பு இன்னொன்றில் காணாமல் போகும்.

பாதையை உள்ளே எடுக்கும் இடத்திலேயே, வட்டில் இருக்கும் உண்மையான எழுத்து வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். ஃபோல்டரைப் பட்டியலிட்டு எடுப்பது எங்கும் வேலை செய்யும், ஆனால் மெதுவானது. விண்டோஸில் திறந்த கோப்பின் ஹேண்டிலிலிருந்து இறுதிப் பாதையைக் கேட்கலாம், மேக்கில் எஃப் கெட்பாத். பயனருக்குக் காட்டுவதும் அந்த வடிவமாகவே இருக்கட்டும்.

படி 7: பெயர் வைக்கும் அதிகாரம் உங்களிடம் இருந்தால்

பயனர் பெயர், பேக்கேஜ் பெயர் போன்றவற்றைக் கோப்புப் பெயராக்கும் நிரல் எழுதுகிறீர்களா? அப்படியானால் மோதலே வராதபடி செய்யும் வாய்ப்பு உங்களிடம் இருக்கிறது. கோ என்ற நிரல்மொழியின் மாட்யூல் கேஷ் ஒவ்வொரு கேப்பிட்டல் எழுத்தையும், ஓர் ஆச்சரியக்குறி போட்டு அதன் பின் சிறிய எழுத்தாக எழுதுகிறது. கிட் போன்ற இன்னொரு கருவியான மெர்க்குரியல் அதே வேலைக்கு அடிக்கோடு பயன்படுத்துகிறது. வட்டு எதுவாக இருந்தாலும் இரண்டு பெயர்கள் இரண்டாகவே இருக்கும், திருப்பிப் படிக்கவும் முடியும். எனக்கு மிகவும் பிடித்த தீர்வு இது. பெயர் மனிதர் கண்ணில் படத் தேவையில்லை என்றால் ஹாஷ் மதிப்பைச் சிறிய எழுத்து ஹெக்ஸாக எழுதிவிடலாம். பேஸ்64 மட்டும் வேண்டாம். அதில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு மதிப்பு.

படி 8: ஏற்கெனவே சிக்கிய ரெப்போவைச் சரிசெய்ய

கோப்பின் பெயரில் எழுத்தின் அளவை மாற்றக் கிட்டின் எம்வி கட்டளையையே பயன்படுத்துங்கள். ஃபைண்டரிலோ எக்ஸ்ப்ளோரரிலோ மாற்றினால் கிட் அதைக் கவனிக்காமல் விடலாம். தனிக் கோப்புக்கு ஒரே கட்டளை போதும். முழு ஃபோல்டர் என்றால் வேறொரு பெயருக்கு மாற்றி, பிறகு வேண்டிய பெயருக்கு மாற்றி, இரண்டையும் ஒரே கமிட்டில் போடுங்கள்.

கோர் இக்னோர்கேஸை ஆஃப் செய்தால் சரியாகிவிடும் என்று பலர் சொல்வார்கள். செய்யாதீர்கள். அது கிட் தனக்காக வைத்திருக்கும் குறிப்பு. அதை மாற்றினால் வட்டு மாறிவிடாது. பெரிய பட்டன், சின்ன பட்டன் இரண்டுமே கிட்டின் இண்டெக்ஸில் (அடுத்த கமிட்டுக்கான பட்டியல்) ஏறி, வட்டில் ஒரே கோப்பு இருக்கும் நிலை வரும்.

அப்புறம் இது திரும்ப வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சிஐ-இல் (ஒவ்வொரு மாற்றத்துக்கும் தானாக ஓடும் சோதனை) கிட் கண்காணிக்கும் எல்லாப் பாதைகளையும் பட்டியலிட்டு, சிறிய எழுத்தாக்கி, வரிசைப்படுத்தி, இரட்டை இருந்தால் தோல்வியாக்குங்கள். (படி 3இல் வேண்டாம் என்றேன், இது முன்னெச்சரிக்கை மட்டும், கோப்பைத் தொடும் முடிவு அல்ல.) ஃபோல்டர் பெயர்களையும் சேருங்கள், இரண்டு ஃபோல்டர்கள் மோதுவதுதான் அடிக்கடி நடக்கிறது. டைப்ஸ்கிரிப்ட்டில் பெயர்களின் எழுத்தளவு எங்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற அமைப்பு 5.0இலிருந்து தானாகவே ஆன். கிளாங் கம்பைலர் இன்க்ளூட் வரியில் எழுத்து மாறியிருந்தால் எச்சரிக்கும். பைத்தான் 2001இல் வந்த 2.1 முதலே, விண்டோஸிலும் இம்போர்ட் பெயர் வட்டில் உள்ள எழுத்தோடு பொருந்த வேண்டும் என்கிறது.

படி 9: இரண்டு வகை வட்டிலும் சோதியுங்கள்

இதற்கு இன்னொரு கணினி வாங்க வேண்டாம். மேக்கில் டிஸ்க் யுடிலிட்டியைத் திறந்து, எழுத்தளவு பார்க்கும் ஏபிஎஃப்எஸ் வால்யூம் ஒன்றைச் சேருங்கள். அது தனி இடம் ஒதுக்காமல், இருக்கும் இடத்தையே பகிர்ந்துகொள்ளும். விண்டோஸில் எஃப்எஸ்யுடில் கட்டளையின் செட் கேஸ் சென்சிட்டிவ் இன்ஃபோ மூலம் ஒரு ஃபோல்டரை மட்டும் மாற்றலாம். லினக்ஸில் கேஸ்ஃபோல்ட் வசதியோடு எக்ஸ்ட்4 ஃபார்மேட் செய்து, காலி ஃபோல்டர் ஒன்றுக்கு சிஎச்ஆட்டர் கட்டளையால் பெரிய எஃப் கொடியைப் போடுங்கள். ஃபோல்டர் காலியாக இல்லை என்றால் அது மறுத்துவிடும்.

சோதனையில் இவையாவது இருக்கட்டும்: எழுத்தளவை மட்டும் மாற்றும் பெயர் மாற்றம், அதன் பிறகு உள்ளடக்கம் அப்படியே இருக்கிறதா என்ற ஒப்பீடு, மோதும் இரண்டு பெயர்கள் கொண்ட ஜிப், ‘கோ’வை இரண்டு விதமாக எழுதிய தமிழ்ப் பெயர், துருக்கி மொழி அமைப்பில் ஒரு முழு ஓட்டம். பெயர் மாற்றச் சோதனையை முதலில் எழுதுங்கள். மற்றவை உடைந்தால் பிழைச் செய்தி வரும், இது உடைந்தால் கோப்பு போய்விடும்.